மொரிஷியஸின் போர்ட் லூயிஸில் இருக்கிறோம்: இம்பெல்லர் மாற்றினால் போதுமா?

ரீயூனியனுக்குப் புறப்பட்ட பத்தாவது நிமிடம் படகு எஞ்சின் சூடாகி அலாரம் அடித்தது. எஞ்சினைக் குளிர்வித்துவிட்டுப் புகைக்குழாய் வழியே வெளியேற வேண்டிய கடல்நீர் வரவில்லை. மரினாவுக்குத் திரும்பி கடல்நீரை இழுக்கும் பம்ப் மூடியைத் திறந்தால், இம்பெல்லரின் (உள்ளே சுழலும் ரப்பர் சக்கரம்) ஆறு இதழ்களில் இரண்டு காணோம். மெக்கானிக் புதியதைப் போட்டுவிட்டு "கிளம்பலாம்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அப்பாவும் கூட வருகிறார், 70 வயது.

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து:
கிளம்பாதீர்கள் தம்பி. அந்த இரண்டு இதழும் எங்கே போயின? பெரும்பாலும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (கடல்நீரால் எஞ்சின் சூட்டைத் தணிக்கும் பகுதி) வாயில் அடைத்திருக்கும். மூடியைக் கழற்றித் துண்டுகளை எடுத்து, பழைய இம்பெல்லரோடு பொருத்திப் பாருங்கள். ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்தில் எனக்குக் கடைசித் துண்டு, கட்டைவிரல் நகமளவு, குழாய் வளைவில் கறுப்பாக ஒட்டிக் கிடந்தது. ரீயூனியன் ஒரு நாள் ஓட்டம்தான். அங்கிருந்து எங்கள் கரைக்கு வருவதானால் இன்னும் 1,400 கடல் மைல் இருக்கிறது. எங்கள் கரையோரம் தென்மேற்காக ஓடும் அகுல்லாஸ் நீரோட்டத்தைத் தென்மேற்குக் காற்று எதிர்த்தால் அலை செங்குத்தாக எழும். அப்போது எஞ்சின் கைவிடக் கூடாது.

ரீயூனியனின் லெ போரிலிருந்து:
இதழ் ஏன் உடைந்தது என்றும் பாருங்கள். கடல்நீர் வால்வு, வடிகட்டி இரண்டிலும் பாசியோ பிளாஸ்டிக்கோ இருக்கலாம். தண்ணீரில்லாமல் ஓடினால் ரப்பர் தாங்காது.

கேட்டவர்:
இரண்டும் கிடைத்துவிட்டன அண்ணா! வடிகட்டியில் அரிசிப் பையின் கிழிசல் ஒன்று. நாளை கட்டிய இடத்திலேயே ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்கிறோம்.