பாம்பன் பழைய தூக்குப் பாலமும் எங்கள் அப்புச்சியும்

செல்வி சித்தி: அப்பா, செய்தி பார்த்தீர்களா? பாம்பனில் அந்தப் பழைய ரயில் தூக்குப் பாலத்தைக் கழற்றி எடுக்கப் போகிறார்களாம்.

அப்புச்சி: பார்த்தேன் கண்ணு. எனக்கு மனசே ஆறவில்லை. 1964 புயலில் தனுஷ்கோடி போன ரயிலே கடலோடு போனது, அன்றைக்கும் கப்பலுக்குத் திறக்கும் அந்த நடுத்தூக்கு அசையவில்லை. கடலில் விழுந்த கர்டர்களை, அதுதான் பாலத்தின் இரும்பு உத்தரங்களை, தேடி எடுத்து 46 நாளில் மறுபடி வண்டி விட்டார்கள். அதையா பழைய இரும்புக் கடைக்குப் போடுவது?

கார்த்தி அண்ணன்: அப்புச்சி, அது 1914ல் திறந்த பாலமுங்க. உப்புக் காற்றில் பட்டறைச் சாமானே ஒரு மாசம் தாங்காது, இது நூறு வருசத்துக்கு மேல் நின்றிருக்கிறது. 2022 டிசம்பரிலேயே வண்டியை நிறுத்திவிட்டார்கள்.

செல்வி சித்தி: சரி, ஓட வேண்டாம். சும்மா நிற்கட்டுமே, காட்சிக்கு?

கார்த்தி அண்ணன்: கப்பல் எப்படிப் போகும் சித்தி? புதுப் பாலம் பக்கத்திலேயே இருக்கிறது, அதன் 72.5 மீட்டர் நடுப்பகுதி லிஃப்ட் மாதிரி நேராக 17 மீட்டர் மேலே போகும். ஆனால் பழையதும் கூடவே திறந்து நின்றால்தான் வழி. அதற்கும் கிரீஸ் போட ஆள் வேண்டும், ஒரு நாள் சிக்கிக்கொண்டால் படகுகள் எல்லாம் வெளியே நிற்கும்.

மாமா (காங்கேயம்): பழையது எப்படித் திறக்கும்? நான் பார்த்ததே இல்லை.

அப்புச்சி: ரெண்டு கை மாதிரி ரெண்டு பக்கமும் மல்லாந்து எழும் மாப்பிள்ளை. கிணற்றில் தண்ணீர் இறைக்கும் ஏற்றத்தில் பின்பக்கம் கல் கட்டுவோமே, அதே கணக்குத்தான். பின்னால் பாரம் இருப்பதால் மோட்டாரே இல்லாமல் ஆட்கள் கம்பியைத் தள்ளித் தள்ளியே அவ்வளவு பெரிய இரும்பைத் தூக்கிவிடுவார்கள். வண்டி அதன் மேல் ஊர்ந்துதான் போனது, ரெண்டு கிலோமீட்டருக்குக் கால் மணி நேரம். உங்கள் அமுச்சி வழி நெடுகக் கடலில் காசு போட்டுக்கொண்டே வந்தாள், கரை வந்தபோது சுருக்குப்பையில் டீ குடிக்கச் சில்லறை இல்லை.

செல்வி சித்தி: 😂 அம்மா அப்படித்தான்.

கார்த்தி அண்ணன்: அந்தத் தூக்கை மட்டும் கரையில் கொண்டுவந்து வைத்தால் நல்லது, அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். எங்கள் பட்டறைப் பசங்களுக்கே காட்டலாம்.

அப்புச்சி: கழற்றும் முன்னால் ஒரு தடவை போகலாமா?

மாமா (காங்கேயம்): செவ்வாய்க்கிழமை கோயமுத்தூர் ராமேஸ்வரம் வண்டி இருக்கிறதுங்க மாமா. திருப்பூரில் ஏறிக்கொள்ளலாம். எத்தனை டிக்கெட்?

அப்புச்சி: எனக்குக் கீழ் பெர்த், ஜன்னல் பக்கம். கார்த்திக்கு எங்கே போட்டாலும் சரி, போன தடவை பாலம் வந்தபோது வாயைத் திறந்துகொண்டு தூங்கினான்.

கார்த்தி அண்ணன்: அப்போது எனக்கு நாலு வயசுங்க அப்புச்சி!!