விர்டஸ் ஜிடிக்கு எந்த டயர்? வால்பாறை வளைவுகளில் கிரிப் போதவில்லை

கொங்கு_டர்போ:

வணக்கம். என் வண்டி ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் ஜிடி, 1.5 டிஎஸ்ஐ, டிஎஸ்ஜி கியர். ஊர் கோவை. டயர் அளவு 205/55 ஆர்16. வண்டியோடு வந்த டயர்கள்தான் இன்னும் ஓடுகின்றன, மீட்டர் நாற்பதாயிரத்தை நெருங்குகிறது.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும்போது, கொண்டை ஊசி வளைவை முடித்து வெளியே வரும் இடத்தில் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தினாலே முன் சக்கரம் சும்மா சுற்றுகிறது. டிராக்‌ஷன் விளக்கு மின்னுகிறது, வண்டியின் மூக்கு வெளிப்பக்கமாகப் போகிறது. சாரல் விழுந்திருந்தால் கேட்கவே வேண்டாம். ஊருக்குள் ரவுண்டானாவைச் சாதாரண வேகத்தில் சுற்றினாலும் டயர் கத்துகிறது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி யோசித்துவிட்டுத் திரும்புகிற மாதிரி இருக்கிறது.

மனதில் இருப்பவை: மிச்சலின் பைலட் ஸ்போர்ட் 4, மிச்சலின் பிரைமசி 4, பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா ஆர்இ003, கான்டினென்டல் அல்ட்ராகான்டாக்ட் யூசி6. டயர் கடைக்காரர், "17 இஞ்ச் அலாய் போட்டு 225/45 மாட்டுங்க சார், வண்டி ரோட்டோட ஒட்டிக்கும்" என்கிறார். மைலேஜ் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. முன்னால் இரண்டை மட்டும் மாற்றினால் போதுமா என்பதையும் சொல்லுங்கள்.

ரப்பர்மணம்:

டயர் பெயருக்குப் போவதற்கு முன்னால் சில விவரம் வேண்டும் தம்பி. பட்டன், அதாவது டயர் மேல் இருக்கும் வரிப்பள்ளத்தின் ஆழம், எவ்வளவு மிச்சம் இருக்கிறது, நடுவிலும் ஓரத்திலும் ஒரே அளவா? சைடுவாலில், அதாவது டயரின் பக்கச்சுவரில், டிஓடி என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு எண்கள் (தயாரித்த வாரமும் வருடமும்) என்ன? காற்றை எப்போது, எங்கே பார்க்கிறீர்கள்? அலைன்மென்ட் கடைசியாக எப்போது செய்தது?

கொங்கு_டர்போ:

முன் டயர் இரண்டிலும் நடுவில் 3 மிமீ இருக்கிறது, வெளி ஓரத்தில் 2 மிமீகூட இல்லை. பின்னால் 5 மிமீ. எண் 1122. காற்று பெட்ரோல் பங்கில்தான், வழக்கமாகப் பைபாஸில் ஓட்டிப் போய்ப் பெட்ரோல் போடும்போது. வண்டி ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குச் சரியாக வைக்கச் சொல்வேன். பெரும்பாலும் அங்கே இருப்பவர் கொஞ்சம் காற்றை இறக்கித்தான் விடுவார். அலைன்மென்ட் போன வருடம் செய்தது.

ரப்பர்மணம்:

அப்போ பாதி விடை இங்கேயே இருக்கிறது. ஸ்டிக்கரில் இருக்கும் அளவு குளிர்ந்த டயருக்கானது. டயரின் வெப்பம் 5, 6 டிகிரி ஏறினால் காற்றழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ ஏறும். பைபாஸில் வெயிலில் ஓட்டிவந்த டயர் 3, 4 பிஎஸ்ஐ கூடத்தான் காட்டும். அதை ஸ்டிக்கர் அளவுக்கு இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் அவ்வளவும் குறைவு. இத்தனை நாளும் காற்று குறைந்த டயரில்தான் வளைவுகளில் திருப்பியிருக்கிறீர்கள். சைடுவால் மடங்கும், பாரம் முழுக்க வெளி ஓரத்தில் விழும். அந்த ஓரத் தேய்மானம், கத்தல், ஸ்டியரிங் தாமதம் மூன்றுக்கும் இது ஒன்றே போதும். டோ, அதாவது சக்கரங்கள் நேராகப் பார்க்காமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு, விலகியிருந்தாலும் இப்படித் தேயும், அதனால் அதையும் பார்த்துவிடுங்கள்.

ஒரு நல்ல காற்றழுத்தமானி வாங்கி, காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் வீட்டிலேயே பாருங்கள். அலைன்மென்ட் செய்யும்போது, செய்வதற்கு முன்னும் பின்னும் இருந்த அளவுகள் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். தாள் தராத இடத்தில் செய்ய வேண்டாம்.

ஆனால் மலையில் முன் சக்கரம் சுற்றுவது காற்றால் மட்டும் தீராது. முன்சக்கரம் இழுக்கும் வண்டி, 250 நியூட்டன் மீட்டர் டார்க். ஏற்றத்தில் எடை பின்பக்கம் சாயும், முன் சக்கரத்தை அழுத்திப் பிடிக்கும் பாரம் குறையும். அதோடு வளைவின் உள்பக்கச் சக்கரம் இன்னும் லேசாகிவிடும். அந்த நேரத்தில் ஸ்டியரிங் முழுக்க மடங்கி இருக்கையில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் எந்த டயரும் திணறும். 3 மிமீ பட்டனோடு, நாலு வருட வெயில் தின்று இறுகிப்போன ரப்பர் முதலில் கைவிடும். ஸ்டியரிங் நேராகத் தொடங்கிய பிறகு மிதித்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

பதினேழு_இஞ்ச்:

இதெல்லாம் சரி. ஆனா ப்ரோ, கடைக்காரர் சொன்னதில் தப்பில்லை. என் வண்டியில் 225/45 ஆர்17 போட்ட பிறகு ஸ்டியரிங் கத்தி மாதிரி. சைடுவால் குட்டை, மடங்கவே மடங்காது. பார்க்கவும் கெத்து.

ரப்பர்மணம்:

ஸ்டியரிங் கூர்மையாகும் என்பதை மறுக்கவில்லை. கணக்கு மட்டும் போட்டுக் காட்டுகிறேன். 205/55 ஆர்16ன் சைடுவால் உயரம் 113 மிமீ, மொத்த விட்டம் 632. 225/45 ஆர்17ல் சைடுவால் 101, விட்டம் 634. விட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஸ்பீடாமீட்டர் குழம்பாது. ஆனால் குழிக்கும் ரிம்முக்கும் நடுவில் இருக்கும் மெத்தையில் 12 மிமீ போய்விடுகிறது. வால்பாறை ரோட்டில் மழைக்காலம் முடிந்து போய்ப் பாருங்கள், அந்த 12 மிமீ எவ்வளவு பெரிசு என்று ரிம் சொல்லும்.

225/45க்கு 7 முதல் 8.5 இஞ்ச் அகல ரிம் வேண்டும், ஆஃப்செட்டும் (ரிம் உள்ளேயோ வெளியேயோ தள்ளி நிற்கும் அளவு) பொருந்த வேண்டும். இல்லையென்றால் ஃபெண்டரில் உரசும். விலை குறைந்த பல அலாய்கள் கம்பெனி அலாயை விடக் கனமாக இருக்கும், சக்கரத்தில் கூடும் எடையை சஸ்பென்ஷன்தான் சுமக்கணும். அகல டயர் தேங்கிய தண்ணீரில் சீக்கிரம் மிதக்கவும் செய்யும். தம்பி கேட்டது ஈரத்தில் பிடிப்பு. அதற்கு இது எதிர்த்திசை.

பதினேழு_இஞ்ச்:

மழையில் எனக்கு இதுவரை எதுவும் ஆகவில்லை. மற்றபடி குழி விஷயத்தில் நீங்க சொல்வது உண்மைதான், ஒரு ரிம் நெளிந்தது.

கொங்கு_டர்போ:

சரி, 16லேயே இருக்கிறேன். அந்த நாலு டயரில் எது?

மலையேறி:

நான் இதில் மூன்றை ஓட்டியவன், அதனால் சொல்கிறேன். ரப்பர் கலவை தரும் பிடிப்பு வேறு, டயரின் கட்டமைப்பு தரும் ஸ்டியரிங் உணர்வு வேறு. ஒன்று நன்றாக இருந்தால் இன்னொன்றும் இருக்கும் என்று நம்பி வாங்குகிறவர்கள்தான் அதிகம்.

ஆர்இ003ல் உணர்வு முதலில் வரும். சைடுவால் விறைப்பு, திருப்பிய கணமே வண்டி திரும்பும். காய்ந்த ரோட்டில் இந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்தது அதுதான். ஈரத்திலும் மோசமில்லை. பாதி தேய்ந்த பிறகு சத்தம் கூடும், தேய்மானமும் வேகம். பழைய மாடல் என்பதால் கடையில் கிடைப்பது பழைய ஸ்டாக்காக இருக்கலாம், தேதி பார்க்காமல் மாட்டாதீர்கள்.

பைலட் ஸ்போர்ட் 4ல் திருப்பும் முதல் நொடி ஆர்இ003 அளவுக்கு வெடுக்கென்று இருக்காது. ஆனால் வளைவின் நடுவில் பாரம் ஏறிய பிறகு அது பிடிக்கும் பிடி, அதுவும் ஈர ரோட்டில், நான் ஓட்டிய மூன்றில் முதலிடம். எல்லையை நெருங்கும்போது மெதுவாகச் சொல்லிவிட்டு விடும், திடீரென்று கைவிடாது. மலையில் எனக்கு அதுதான் முக்கியம். பைலட் ஸ்போர்ட் 5 வந்துவிட்டதே என்று யாராவது சொல்வார்கள், அது பெரும்பாலும் 17 இஞ்சிலிருந்துதான்.

பிரைமசி 4, யூசி6 இரண்டும் நல்ல டயர்கள், ஆனால் சொகுசுக்காகச் செய்தவை. பிரைமசி சத்தமே போடாது, ஈரத்தில் பிரேக் நன்றாகப் பிடிக்கும். யூசி6 நான் ஓட்டியதில்லை, நண்பர் வண்டியில் உட்கார்ந்து போனதோடு சரி, அமைதியாக இருந்தது. குடும்பத்தோடு சென்னைக்கு அடிக்கடி போகிறவராக இருந்தால் இரண்டில் ஒன்றை எடுங்கள் என்பேன். ஸ்டியரிங் யோசிக்கிறது என்று புகார் சொல்லும் உங்களுக்கு அவற்றைச் சொல்ல மனம் வரவில்லை.

பட்டியலில் இல்லாத ஒன்று: யோகோஹாமா அட்வான் ஃப்ளேவா வி701. சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட பட்டன். இடம் வலம் மாற்ற வேண்டுமானால் ரிம்மிலிருந்து கழற்றித்தான் மாட்டணும், அது ஒரு தொல்லை.

நெல்லை_ஓட்டுநர்:

சைடுவாலில் டிரெட்வேர் 220, 320 என்று எண் இருக்கிறதே, அது குறைவாக இருந்தால் கிரிப் அதிகம் என்று எடுத்துக்கொள்ளலாமா? பைலட் ஸ்போர்ட் 4ல் 320, ஆர்இ003ல் 220 பார்த்தேன்.

ரப்பர்மணம்:

குத்துமதிப்பாக எடுத்துக்கொள்ளலாம், சத்தியம் செய்ய முடியாது. அது அமெரிக்க அரசின் தர முறை. டெக்சாஸில் குறித்துவைத்த சாலைச் சுற்றில் 7,200 மைல், அதாவது சுமார் 11,500 கிமீ ஓட்டி, 100 என்று வைத்த ஒரு ஒப்பீட்டு டயரோடு தேய்மானத்தைப் பார்க்கிறார்கள். கடைசி எண்ணை டயர் கம்பெனிதான் போட்டுக்கொள்கிறது. ஒரு கம்பெனி அடக்கமாகப் போடும், இன்னொன்று தாராளமாகப் போடும். ஒரே கம்பெனியின் இரண்டு டயரை ஒப்பிட உதவும், மிச்சலினையும் பிரிட்ஜ்ஸ்டோனையும் எதிரெதிரே நிறுத்த உதவாது. பக்கத்தில் டிராக்‌ஷன் என்பதற்கு உள்ள ஏஏ, ஏ என்பது ஈரத்தில் நேராக பிரேக் பிடிப்பதற்கு மட்டும். வளைவைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

கொங்கு_டர்போ:

மூன்று கடையில் கேட்டேன். பைலட் ஸ்போர்ட் 4 இந்த அளவில் கையிருப்பு இல்லை, சொன்னால் வரவழைத்துத் தருகிறோம் என்கிறார்கள். ஒரு கடையில் மட்டும் இரண்டு இருக்கிறது. அதை முன்னால் போட்டுக்கொண்டு, பின்னால் 5 மிமீ உள்ள பழையதை ஓட்டித் தேய்த்துவிடலாமா?

மலையேறி:

வேண்டாம் நண்பரே. இழுக்கிற சக்கரத்துக்குத்தானே புதுசு என்று தோன்றும். வால்பாறையிலிருந்து இறங்கும்போது எடை முழுக்க முன்னால் வந்துவிடும், பின் சக்கரம் லேசு. முன்னால் பசை மாதிரி பிடிக்கும் புது டயர், பின்னால் இறுகிய பழைய டயர், ரோடு ஈரம். வளைவில் பிரேக்கைத் தொட்டால் பின்பக்கம் வெளியே வரும். முன்பக்கம் வழுக்கினால் காலை எடுத்தால் பெரும்பாலும் திரும்பிவிடும், பின்பக்கம் சுழன்றால் ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பார்க்க நிற்கிறவர்கள்தான் வேடிக்கை பார்ப்பார்கள். இரண்டு மட்டும் புதுசு என்றால் அதைப் பின்னால் போடு என்பதுதான் டயர் கம்பெனிகளே சொல்வது. அப்படிப் போட்டால் உங்கள் முன்சக்கரப் பிரச்சினை அப்படியே இருக்கும். நான்கும் வரும்வரை பொறுங்கள்.

கையிருப்பு இல்லாததற்குக் காரணம் உண்டு. 2020 ஜூனில் புது டயர் இறக்குமதிக்கு லைசென்ஸ் கட்டாயமாக்கினார்கள். அதற்குப் பிறகு அதிகம் விற்காத ஸ்போர்ட்ஸ் டயர்கள் விட்டு விட்டுத்தான் வருகின்றன. ஆர்டர் கொடுக்கும்போதே தயாரிப்பு வாரத்தைக் கேட்டு எழுதி வாங்குங்கள். ஒரு வருடத்துக்குள் என்றால் கவலையில்லை. நான்கும் ஒரே வாரமாக இல்லாவிட்டால் சண்டை போடத் தேவையில்லை.

நெல்லை_ஓட்டுநர்:

இவ்வளவு கிரிப் தேடுகிறவர் செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் டிராக் டே (சொந்த வண்டியைத் தடத்தில் ஓட்ட விடும் நாள்) வரும்போது ஒருமுறை ஓட்டிப் பாருங்க. எதிரே பஸ் வராது.

கொங்கு_டர்போ:

நிலவரம் சொல்கிறேன். டயர் வருவதற்கு முன்பே காலையில் குளிர்ந்த டயரில் அளந்தேன், முன்னால் இரண்டிலும் 4 பிஎஸ்ஐ குறைவு. சரி செய்து, அலைன்மென்ட்டும் பார்த்தாயிற்று, டோ கொஞ்சம் விலகியிருந்ததைத் தாளில் காட்டினார்கள். ரவுண்டானாக் கத்தல் அதிலேயே பாதிக்கு மேல் போய்விட்டது. மலையில் முன் சக்கரம் சுற்றுவது குறைந்தது, ஆனால் ஈரத்தில் இருந்தது.

இப்போது நான்கு பைலட் ஸ்போர்ட் 4ம் மாட்டியாகிவிட்டது. காய்ந்த ரோட்டில் ஸ்டியரிங் நான் நினைத்த அளவுக்கு வெடுக்கென்று இல்லை, உண்மையைச் சொன்னால் ஊருக்குள் காற்று சரிசெய்த பழைய டயருக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் நேற்று சாரலில் வால்பாறை ஏறினேன். டிராக்‌ஷன் விளக்கு எப்போதாவதுதான் எட்டிப் பார்த்தது.

மலையேறி:

புது டயரில் பட்டன் ஆழம் அதிகம், ஒவ்வொரு பட்டனும் கொஞ்சம் நெளியும். அதனால்தான் ஆரம்பத்தில் மொழுமொழுவென்று இருக்கும். கொஞ்சம் தேய்ந்தால் இறுகும். அச்சிலிருந்து எடுக்கப் பூசும் வழவழப்பும் மேலே இருக்கும், முதல் 200, 300 கிமீ நிதானமாகவே ஓட்டுங்கள்.

ரப்பர்மணம்:

நான்கு டயரிலும் 'வெளிப்பக்கம்' என்று எழுதியிருப்பது வெளியேதான் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள் தம்பி, இது இருபக்கமும் வேறு வேறு பட்டன் உள்ள டயர். 100 கிமீ ஓடிய பிறகு சக்கர போல்ட்டை டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கச் சொல்லுங்கள். காற்றுத் துப்பாக்கியில் விட்டால் போதாது.

கொங்கு_டர்போ:

வலது பின்பக்கம் ஒன்று தலைகீழாக இருக்கிறது! உள்பக்க எழுத்து வெளியே தெரிகிறது. நாளை காலை கடை திறந்ததும் போகிறேன்.