மன உறுதியா, சூழலா: உழைப்பை எதில் போடுவது?

உளநோக்கன்:
"சூழலை மாத்துங்க, மத்ததெல்லாம் தானா நடக்கும்"னு சொல்றது இப்போ பரவலாயிடுச்சு. எனக்கு இதுல உடன்பாடு இல்லை. ஆசையைத் தள்ளிப்போடத் தெரிஞ்சவங்கதான் முன்னேறுறாங்க. உளவியலாளர் வால்டர் மிஷெல் அமெரிக்காவோட ஸ்டான்ஃபோர்டில் குழந்தைங்களை வெச்சு செஞ்ச மார்ஷ்மெல்லோ (மெத்துன்னு இருக்கற ஒரு இனிப்பு) சோதனை அதைத்தானே காட்டுது? உடனே சாப்பிட்டா ஒண்ணு, பெரியவர் திரும்பி வர்ற வரைக்கும் பொறுத்தா ரெண்டு. பொறுத்த குழந்தைங்க பதின்ம வயசுல படிப்புலயும் நல்லா வந்தாங்கன்னு 1990-ல வெளியான தொடராய்வு சொல்லுது. அதனால தினமும் ஒரு சின்ன ஆசையை மறுத்துப் பழகணும். 21 நாள் விடாம செஞ்சா ஊறிப்போயிடும்.

மணல்கடிகை:
உளநோக்கன் சார், அந்த 1990 ஆய்வில், பொறுத்த நேரத்துக்கும் எஸ்ஏடி (அமெரிக்கக் கல்லூரி நுழைவுத் தேர்வு) மதிப்பெண்ணுக்கும் வந்த வலுவான தொடர்பு வெறும் 35 பிள்ளைகளை வைத்துக் கணக்கிட்டது. 2018-இல் வாட்ஸ், டங்கன், குவான் மூவரும் 900-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்துப் பார்த்தார்கள். தொடர்பு பழையதில் ஏறக்குறைய பாதிதான். குடும்பப் பின்னணி, வீட்டுச் சூழல், சிறுவயது அறிவுத்திறன் ஆகியவற்றைக் கணக்கில் சேர்த்ததும் அதிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்தது.

இதைவிட முக்கியமானது மிஷெலே 1970-இல் எபெசனோடு வெளியிட்டது. தின்பண்டங்கள் இரண்டும் கண்ணெதிரே இருந்தபோது குழந்தைகள் சராசரியாக ஒரு நிமிடம்தான் பொறுத்தார்கள். இரண்டையும் மறைத்து வைத்தபோது 11 நிமிடத்துக்கு மேல்! ஒரே பள்ளிக் குழந்தைகள், ஒரே வயது. மாறியது தட்டு இருந்த இடம் மட்டும். புகழ்பெற்ற சோதனையின் இந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

21 நாள் கணக்கு பழக்கத்தை அளந்து வந்ததே அல்ல. மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல், மாறிய முகத்துக்கு நோயாளிகள் பழக "குறைந்தது" அவ்வளவு நாள் ஆகிறது என்று எழுதினார். பிறகு "குறைந்தது" உதிர்ந்துபோய் எண் மட்டும் நின்றுவிட்டது.

ஆய்வுக்கண்:
21-ஐ விட்டுவிட்டு, பழக்கம் படிய 66 நாள் என்று பிடித்துக்கொள்பவர்களும் கவனிக்க வேண்டும். அது லண்டனில் லல்லி குழுவினர் 2010-இல் வெளியிட்டது. 96 பேர், 84 நாள். ஆனால் பழக்கம் நாளுக்கு நாள் படிவதைக் காட்டும் கணித வளைவு சரியாகப் பொருந்தியது 39 பேருக்குத்தான். அவர்களின் இடைநிலை (வரிசையில் நடுவில் வரும் மதிப்பு) 66 நாள், வீச்சு 18 முதல் 254 வரை. ஆய்வே 84 நாளில் முடிந்துவிட்டதால் 254 என்பது வளைவை நீட்டிப் போட்ட கணிப்பு. தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சி தாமதமானது. ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை. அதனால் "விடாம" என்ற கண்டிப்பு தேவையில்லை.

உளநோக்கன்:
21-ஐ விட்டுடறேன். ஆனா 2018 கணக்கை இவ்வளவு சுலபமா ஏத்துக்க முடியாது. பொறுமையைக் குழந்தை எங்க கத்துக்குது? வீட்டுலதான். வீட்டுச் சூழலைக் கழிச்சா, அதன் வழியா வந்த பொறுமையையும் சேர்த்துத்தானே கழிக்கறீங்க? மிச்சம் சின்னதாத்தான் வரும்.

இன்னொண்ணு. தட்டை மறைக்கறது நம்ம வீட்டுல நடக்கும். அடுத்தவர் வீட்டு விருந்துல, அலுவலகக் கூட்டத்துல என்ன செய்வீங்க?

மணல்கடிகை:
கழித்தல் பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் அது எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். 2013-இல் அமெரிக்காவின் ரோசெஸ்டரில் கிட் என்ற ஆய்வாளரின் குழுவினர் 28 குழந்தைகளுக்கு முதலில் நல்ல வரைபொருள்கள் தருவதாகச் சொன்னார்கள். பாதிப் பேருக்குக் கொடுத்தார்கள், மீதிப் பேரை ஏமாற்றினார்கள். பிறகு அதே மார்ஷ்மெல்லோ. சொன்ன சொல் காத்தவரிடம் குழந்தைகள் சராசரி 12 நிமிடம் பொறுத்தார்கள், ஏமாற்றியவரிடம் 3 நிமிடம். வாக்குறுதி நிறைவேறாத இடத்தில் உடனே தின்பது குணக்குறை அல்ல, சரியான கணக்கு. அந்தக் குழந்தைக்குப் "பொறுமைப் பயிற்சி" கொடுப்பது அநியாயம்.

நம் கையில் இல்லாத இடங்களுக்கு உளவியலாளர் கோல்விட்ஸர் சொன்ன "இது நடந்தால் இதைச் செய்வேன்" திட்டம் உண்டு. கண்ணில் படும் ஒரு நிகழ்வு, அதோடு ஒரே ஒரு செயல்: "இனிப்புத் தட்டு என் பக்கம் வந்தால், தண்ணீர் டம்ளரைக் கையில் எடுப்பேன்." எழுதி, இரண்டு மூன்று முறை மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். "இனிப்பு சாப்பிட மாட்டேன்" என்று மறுப்பாக எழுதினால் அந்த இனிப்பே நினைவில் முந்திக்கொண்டு வரும். "மாலையில்" என்று மொட்டையாக எழுதினால் எந்த நொடி என்று தெரியாமல் நழுவிப்போகும். ஒரே சமயத்தில் ஐந்தாறு திட்டம் போட்டாலும் வேலை செய்வதில்லை; எல்லாம் எவ்வளவு கடினம் என்பதுதான் கண்ணில் நிற்கும்.

உளநோக்கன்:
சரி, டம்ளரை எடுக்கணும்னு அந்த நொடியில தோணி, எடுக்கவும் செய்யறாரே, அதுக்கு உறுதி வேண்டாமா?

ஆய்வுக்கண்:
கொஞ்சம் வேண்டும், ஆனால் வேறு இடத்தில். கோல்விட்ஸரும் ஷீரனும் 2006-இல் 94 சோதனைகளைத் தொகுத்தபோது இந்தத் திட்டங்களின் பலன் நடுத்தரத்துக்கு மேலேயே இருந்தது. நிகழ்வைக் கண்டதும் செயல் ஏறக்குறையத் தானாக எழுவதுதான் இதன் பலம். அந்த நொடியில் போராட வேண்டியதில்லை. ஆனால் இலக்கின் மேல் உண்மையான விருப்பம் இல்லாதவரிடம் இதே திட்டம் நிற்பதில்லை. மருத்துவர் சொன்னார், வீட்டில் சொன்னார்கள் என்பதற்காக எழுதப்படும் திட்டங்கள் பெரும்பாலும் இங்கேதான் உடைகின்றன. எழுதுவதற்கு முன்பு, இது நமக்கே வேண்டுமா என்று கேட்டுக்கொள்வது முதல் படி.