சின்னக் குரோஷே பூ: இதழ் மடிகிறது, நடுவளையம் விரிகிறது, ஜோடி சேரவில்லை

நூல்கண்டு கேட்டது:

வணக்கம் தோழிகளே. கம்மலுக்கும் சுவரில் தொங்கவிடும் தோரணத்துக்கும் குரோஷேயில் (கொக்கி ஊசியால் நூல் பின்னும் வேலை) ஐந்திதழ்ப் பூ போட்டுக்கொண்டிருக்கிறேன். நூல் 10-ஆம் எண் மெர்சரைஸ்டு (பளபளப்பேற்றிய) பருத்தி, ஊசி 1.5 மி.மீ. ஸ்டீல். செய்முறை இதுதான்: மேஜிக் ரிங் (விரலில் நூலைச் சுற்றி, பிறகு வால் நூலை இழுத்து மூடும் வளையம்) போட்டு, அதற்குள்ளேயே சங்கிலி 3, ட்ரெபிள் 2, சங்கிலி 3, ஸ்லிப் ஸ்டிட்ச். இதையே ஐந்து முறை. (சங்கிலி என்பது கண்ணிக்குள் கண்ணியாக இழுப்பது, ட்ரெபிள் உயரமான ஸ்டிட்ச், ஸ்லிப் ஸ்டிட்ச் உயரமில்லாத இணைப்பு.) ட்ரெபிளுக்கு ஊசியில் நூலை இரண்டு முறை சுற்றி எடுக்கிறேன்.

இதழ்கள் படுத்து நிற்காமல் கிண்ணம் மாதிரி குழிந்துவிடுகின்றன. பூவைக் கொஞ்சம் கையாண்டதும் நடுவளையம் மெல்ல விரிந்து ஓட்டை தெரிகிறது. ஒரே நூல், ஒரே ஊசி, ஆனாலும் ஜோடியில் ஒரு பூ பெரிதாகிறது. வெள்ளைப் பசையில் நனைத்து விறைப்பாக்கினால் கருநீலப் பூவில் வெள்ளைத் திட்டுகள் விழுகின்றன. கம்மல் கொக்கியில் மாட்டினால் பூ முகம் காட்டாமல் பக்கவாட்டில் திரும்பிக்கொள்கிறது. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்களேன்.

இழைக்கோலம் பதில்:

முதலில் இதழ். உங்கள் கை சரியாகத்தான் இருக்கிறது. அந்தச் செய்முறை பிரிட்டிஷ் முறையில் எழுதப்பட்டது, நீங்கள் அமெரிக்க முறைப்படி போடுகிறீர்கள். பிரிட்டிஷ் ட்ரெபிளுக்கு ஊசியில் நூலை ஒரே ஒரு முறைதான் சுற்ற வேண்டும். அமெரிக்கர்கள் அதையே டபுள் குரோஷே என்பார்கள். இரண்டு முறை சுற்றினால் அது அமெரிக்க ட்ரெபிள்.

சங்கிலிக் கணக்கைப் பார்த்தாலே இது புரிந்துவிடும். நூலை ஒரு முறை சுற்றும் ஸ்டிட்ச்சின் உயரத்துக்கு 3 சங்கிலி ஈடு, இரண்டு முறை சுற்றுவதற்கு 4 சங்கிலி ஈடு. உங்கள் இதழில் நடுவே உயரமான இரண்டு ஸ்டிட்ச், இரு ஓரத்திலும் குட்டையான 3 சங்கிலி. ஓரம் இழுத்துப் பிடிப்பதால் நடுப்பகுதி படுக்க இடமில்லாமல் குழிகிறது. ஒரு முறை சுற்றிப் போடுங்கள், பூ ஏறத்தாழ 2 செ.மீ. அகலத்தில் தட்டையாக வரும். பெரிய இதழ்தான் வேண்டும் என்றால் இரண்டு முறை சுற்றுவதை வைத்துக்கொண்டு இருபக்கமும் சங்கிலியை 4 ஆக்குங்கள்.

இனி எந்தச் செய்முறையை எடுத்தாலும் அதில் எங்காவது சிங்கிள் குரோஷே என்று வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது அமெரிக்க முறை. பிரிட்டிஷ் முறையில் அதே ஸ்டிட்ச்சுக்கு டபுள் குரோஷே என்று பெயர். சங்கிலியும் ஸ்லிப் ஸ்டிட்ச்சும் இரண்டிலும் ஒன்றுதான். நான் கீழே அமெரிக்கப் பெயர்களையே சொல்கிறேன்.

அடுத்து நடுவளையம். மெர்சரைஸ்டு நூல் வழவழப்பானது. வால் நூலை ஒரே திசையில் கோத்து வெட்டினால் அது போன வழியே நழுவித் திரும்பிவிடும். பஞ்சு போல மயிர்ப்புள்ள நூலில் தப்பித்துக்கொள்ளலாம், இதில் முடியாது.

விரலில் நூலை ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்று சுற்றி அந்த இரட்டை வளையத்துக்குள் இதழ்களைப் போடுங்கள். வால் 15 செ.மீ.க்குக் குறைய வேண்டாம். வாலை லேசாக இழுத்தால் இரண்டு வளையத்தில் ஒன்று மட்டும் அசையும். அசைகிற அந்த வளையத்தைப் பிடித்து இழுத்தால் மற்றது முழுவதும் மூடும். பிறகு வாலை இழுத்தால் மிச்சமிருப்பதும் மூடிவிடும். முதலிலேயே வாலை வெடுக்கென்று இழுத்தால் சிக்கிக்கொள்ளும்.

மூடியதும் மொட்டை ஊசியில் வாலைக் கோத்து, வளையம் எந்தத் திசையில் இறுகியதோ அதே திசையில் ஸ்டிட்ச்களின் அடிவழியே ஒரு முழு வட்டம் ஓட்டுங்கள். பிறகு ஓர் இழையைத் தாண்டி, எதிர்த்திசையில் அரை வட்டம். கடைசியாக ஏதாவது ஓர் இதழின் அடியில் நூலின் புரிகளுக்கு நடுவே குத்தி இழுங்கள். அந்தக் கடைசிக் குத்துதான் வாலைக் கெட்டியாகப் பிடிக்கும். வாலை இப்போதே ஒட்ட நறுக்கிவிடாதீர்கள். பூவை நனைத்து, இழுத்து, காயவைத்த பிறகு நறுக்குங்கள். நனையும்போது நூல் நீண்டு கொடுக்கும், ஒட்ட நறுக்கிய முனை உள்ளே போய் மறைந்து பிறகு முன்பக்கம் எட்டிப்பார்க்கும்.

நடுவில் மணி வைக்கப் போகிறீர்கள் என்றால் மேஜிக் ரிங்கே தேவையில்லை. 5 சங்கிலி போட்டு ஸ்லிப் ஸ்டிட்ச்சால் இணைத்த வளையம் பிரியவே பிரியாது, ஓட்டையை மணி மறைத்துவிடும்.

ஊசிமுனை பதில்:

இழைக்கோலம் சொன்னதோடு ஜோடிக் கணக்கைச் சேர்க்கிறேன். ஒரே ஊசியில் இரண்டு அளவு வருவதற்குப் பெரும்பாலும் காரணம் ஊசியின் கழுத்து. மெல்லிய ஸ்டீல் ஊசிகள் கொக்கியின் அருகே ஒடுங்கி, போகப்போகத் தடிக்கும். நூல்கண்ணி சில நேரம் ஒடுங்கிய இடத்திலும் சில நேரம் தடித்த இடத்திலும் உட்கார்ந்தால் ஸ்டிட்ச் அளவு மாறத்தான் செய்யும். ஒவ்வொரு கண்ணியையும் ஒரே தடிமன் உள்ள நேரான தண்டுப் பகுதிக்குத் தள்ளி அங்கேயே அளவாக்குங்கள். ஊசியை வளையத்துக்குள் விட்டு நூலை வெளியே எடுத்ததும் அந்த முதல் கண்ணியை எவ்வளவு உயரம் தூக்குகிறீர்கள் என்பதும் முக்கியம். இதழின் உயரத்தைத் தீர்மானிப்பது அதுதான், கடைசியில் நூலை இறுக்குவதால் பெரிய மாற்றம் வராது.

ஜோடியின் இரண்டு பூவையும் ஒரே கண்டிலிருந்து, இடையில் வேறு வேலைக்கு எழாமல், அடுத்தடுத்துப் போடுங்கள். அளப்பதை நனைத்துக் காயவைத்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். 2 மி.மீ. வரை வித்தியாசம் இருந்தால் குண்டூசி குத்திச் சரிசெய்துவிடலாம். அதற்கு மேல் என்றால் ஒன்றைப் பிரித்துப் போடுவதுதான் நல்லது, இழுத்துச் சேர்த்த பூ ஓர் இதழில் கோணிக்கொண்டே நிற்கும்.

குண்டூசி குத்த ஒரு வரைபடம் செய்துகொள்ளுங்கள். காகிதத்தில் 2 செ.மீ. விட்டமுள்ள வட்டம், நடுவிலிருந்து 72 பாகைக்கு ஒன்றாக ஐந்து கோடுகள். அதைத் தெர்மாகோல் பலகையில் வைத்து மேலே தடித்த பிளாஸ்டிக் தாள் விரியுங்கள். முதலில் நடுவில் ஒரு குண்டூசி, பிறகு ஒவ்வோர் இதழ் நுனியும் ஒவ்வொரு கோட்டின்மேல். துருப்பிடிக்காத குண்டூசியாக இருக்க வேண்டும். சாதாரண ஊசியின் துரு ஈர நூலில் ஏறினால் போகாது. எது முன்பக்கம் என்ற குழப்பம் வந்தால், போடும்போது உங்களைப் பார்த்து இருந்த பக்கமே முன்பக்கம். ஜோடியில் ஒன்று முன்பக்கம், மற்றது பின்பக்கம் பார்த்தால் அளவு ஒத்திருந்தும் வேறு வேறு பூ போலத் தெரியும்.

இனி வெள்ளைத் திட்டு. பி.வி.ஏ. வெள்ளைப் பசையும் தண்ணீரும் சம அளவு கலந்தால் வெளிர் நிற நூலுக்குச் சரியாக இருக்கும். கருநிறத்துக்கு அது கெட்டி. ஒரு பங்கு பசைக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, முதல் பூச்சு நன்றாகக் காய்ந்த பின் இரண்டாம் முறை நனையுங்கள். பூவை முதலில் வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்துவிட்டுப் பிறகு பசையில் போட்டால் பசை சீராக ஊறும். எடுத்ததும் இரு விரலால் வழித்து, துணியில் ஒற்றி, ஸ்டிட்ச்களின் இடைவெளியில் படலம் கட்டியிருந்தால் ஊதி உடைத்துவிடுங்கள். அந்தப் படலம்தான் காய்ந்து திட்டாகத் தெரிகிறது. ஒரு நாள் முழுக்கக் காயட்டும். ஆரம்பத்தில் ஓரிரு முறை குண்டூசிகளைச் சற்றே திருகிவிட்டால் பூவோடு ஒட்டிக்கொள்ளாது.

மணிமுடிச்சு பதில்:

ஊசிமுனையோடு ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். கருநீலம், கறுப்பு, அடர் சிவப்பு மூன்றுக்கும் பசையே வேண்டாம். எவ்வளவு மெல்லியதாகக் கரைத்தாலும் லேசான மினுமினுப்பு மிஞ்சும், பின்னாளில் ஈரம் பட்டால் அந்த இடம் மறுபடி வெளுத்துக் காட்டும். சோளமாவுக் கஞ்சி போதும். ஒரு மேசைக்கரண்டி மாவைக் கொஞ்சம் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஒரு கப் தண்ணீரோடு சேர்த்து, கண்ணாடி போலத் தெளியும்வரை கிளறிக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறியதும் பூவை நனைக்கலாம். பசை அளவு விறைப்பு வராது, ஆனால் இரண்டு செ.மீ. பூ தன் எடையைத் தானே தாங்க அது தாராளம். அழுக்கானால் துவைத்துவிட்டு மறுபடி கஞ்சி போட்டுக்கொள்ளலாம், பசை போட்டதில் அந்த வசதி இல்லை. சர்க்கரைப் பாகு பழைய முறை, விறைப்பும் நன்றாக வரும். ஆனால் ஈரக்காற்றில் பிசுபிசுக்கும், எறும்பும் தேடி வரும். கம்மலுக்கு ஆகவே ஆகாது.

கருநிற நூலைத் தொடங்கும் முன்பே ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் குளிர்ந்த நீரில் தெளியும்வரை அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள். வினிகரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று பலர் சொல்வார்கள், பருத்திக்கு அது பலிக்காது. அக்ரிலிக் நூலென்றால் கஞ்சியும் பசையும் சரியாக ஊறாது. அதைக் குண்டூசி குத்தி, ஆவியை இரண்டு மூன்று செ.மீ. உயரத்திலிருந்து காட்ட வேண்டும். இஸ்திரிப்பெட்டி பட்டால் நூல் உருகித் தட்டையாகிவிடும்.

கம்மல் திரும்புவதற்கு வருகிறேன். வளையத்தில் வளையம் மாட்டும்போது ஒவ்வொன்றும் முந்தையதற்குக் குறுக்காக, கால் சுற்றுத் திரும்பி நிற்கும். உங்கள் கொக்கியின் காது எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதைப் பொறுத்து ஒரு ஜம்ப் ரிங் (திறந்து மூடும் சின்ன உலோக வளையம்) போட்டால் பூ பக்கவாட்டில் நிற்கிறது. இன்னும் ஒரு ஜம்ப் ரிங் சேர்த்துவிட்டால் முகம் முன்னால் வந்துவிடும், வேறொன்றும் செய்ய வேண்டாம்.

ஜம்ப் ரிங்கை இதழின் ஒற்றை இழையில் மாட்டினால் நாளடைவில் அந்த இழை நீண்டு தொங்கும். ஐந்தாவது இதழில் மட்டும் இரண்டு டபுள் குரோஷேக்கு நடுவே 3 சங்கிலி போட்டு ஒரு சின்னக் காது அமையுங்கள், ரிங் அதில் போகட்டும். 5 அல்லது 6 மி.மீ. ரிங் இந்த அளவுப் பூவுக்குப் பொருந்தும். இரண்டு குறடால் பிடித்து ஒரு முனையை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் தள்ளித் திறக்க வேண்டும். இரு பக்கமும் அகட்டினால் வட்டம் கெட்டு, மூடும்போது இடைவெளி விழும். மெல்லிய நூல் அந்த இடைவெளி வழியே எளிதாக நழுவிவிடும், பூ எங்கே விழுந்தது என்றே தெரியாது.

நூல்கண்டு:

ஒரு முறை சுற்றிப் போட்டேன், பூ பலகையில் வைத்தது போலப் படுத்துவிட்டது! மூவருக்கும் மிக்க நன்றி. தோரணத்தில் பூவுக்கு நடுவே இதயமும் வைக்க ஆசை. இதே நூலில் எளிதாக வருமா? சங்கிலியில் பூக்களைக் கோத்தால் கயிறு தொய்ந்துகொண்டே போகிறது, அதற்கும் ஏதாவது வழி உண்டா?

இழைக்கோலம் பதில்:

வரும், ஒரே சுற்றில் முடிந்துவிடும். மேஜிக் ரிங்குக்குள், அமெரிக்க முறையில்: சங்கிலி 3, ட்ரெபிள் 3, டபுள் குரோஷே 3, சங்கிலி 1, ட்ரெபிள் 1, சங்கிலி 1, டபுள் குரோஷே 3, ட்ரெபிள் 3, சங்கிலி 3, வளையத்துக்குள் ஸ்லிப் ஸ்டிட்ச். நடுவில் தனியாக நிற்கும் ட்ரெபிள்தான் கீழ்முனை. இங்கே உயரமான ட்ரெபிளை ஓரத்தில் 3 சங்கிலி இழுத்துப் பிடிப்பது வேண்டுமென்றே. இதயத்தின் மேல்மேடு உருண்டு வருவது அந்த இழுப்பால்தான். அதனால் இதைக் குண்டூசி குத்தாமல் விட்டுவிடாதீர்கள்.

வளையத்தை இழுக்கும் முன் இது இதயம் போலவே இருக்காது, பயந்து பிரித்துவிட வேண்டாம். வாலை இறுக்க இறுக்க மேலே பள்ளம் விழும். ஒரு பக்க மேடு சின்னதாக இருந்தால் ட்ரெபிள்களை எண்ணுங்கள், பெரும்பாலும் இரண்டாம் பக்கத்தில் ஒன்று விட்டுப்போயிருக்கும். இந்த அளவில் ஒரு ஸ்டிட்ச் குறைந்தாலும் கண்ணுக்குத் தெரியும்.

ஊசிமுனை பதில்:

தோரணக் கயிறு தொய்வது வெறும் சங்கிலியின் குணம். எடை ஏற ஏற நீளும். பூ நூலைவிடத் தடித்த நூலில், அல்லது அதே நூலை இரட்டையாக எடுத்து 2.5 மி.மீ. ஊசியில் சங்கிலி போட்டு, திரும்பி வரும்போது ஒவ்வொரு சங்கிலியிலும் ஒரு ஸ்லிப் ஸ்டிட்ச் போடுங்கள். இரண்டாவது வரிசை விழுந்ததும் நீட்சி வெகுவாகக் குறைந்துவிடும். பூவையும் இதயத்தையும் அந்தத் திரும்பும் வரிசையிலேயே சேர்த்துக்கொள்ளலாம்: ஊசியை முதலில் பூவின் இதழ் நுனியிலும் பிறகு சங்கிலியிலும் விட்டு, இரண்டையும் சேர்த்தே ஸ்லிப் ஸ்டிட்ச்.

ஒரு பூவை ஒரே புள்ளியில் மாட்டாதீர்கள், காற்றில் சுழன்று பின்பக்கம் காட்டும். பக்கத்துப் பக்கத்து இரண்டு இதழ் நுனிகளில் மாட்டுங்கள், இதயத்தை அதன் இரண்டு மேடுகளில். இரு மாட்டலுக்கும் நடுவே கயிற்றில் விடும் சங்கிலி எண்ணிக்கையைப் பூவைக் கயிற்றோடு வைத்து எண்ணி எடுங்கள். குறைவாக விட்டால் பூ நடுவில் மடியும், கூடுதலாக விட்டால் இதழ்கள் அகன்று இழுபடும்.

நூல் எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒரு பூவைப் போட்டுப் பிரித்து நீளத்தை அளந்து, இரண்டு வால்களுக்கு 30 செ.மீ. கூட்டி, பூக்களின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். ஒரே நிறம் பாதியில் தீர்ந்தால் அடுத்த கண்டு வேறு சாயத் தொகுதியாக (வேறொரு தடவை சாயமேற்றியதாக) இருக்கலாம், தோரணம் போன்ற நீளமான வேலையில் அந்த நிற வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஆகவே கொஞ்சம் கூடுதலாகவே, சாயத் தொகுதி எண் பார்த்து, மொத்தமாக எடுத்துவிடுங்கள்.