‘ட்ரிம் கிளிப்’ – கவ்வியா, முளையா?

ஹட்டனிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம்.

பழைய கார் புதுப்பிப்புக்கான சொற்பட்டியலில் ‘ட்ரிம் கிளிப்’ என்ற இடம் இன்னும் காலியாகவே கிடக்கிறது. என் முன்மொழிவு ‘அழகுக் கவ்வி’. வெளிப்பக்கம் ஓடும் சில்வர் பீடிங், கதவின் உள்பக்கத்தை மூடும் அட்டை, கூரைத் துணியின் ஓரம் இவற்றையெல்லாம் ஆணி வெளியே தெரியாமல் பிடித்து வைக்கும் சின்னத் துண்டு எதுவானாலும் இந்தப் பெயருக்குள் அடங்கிவிடும். ‘கவ்வி’ பாடசாலை விஞ்ஞானத்தில் முதலைக் கவ்வியாகப் பழகிய சொல். ‘கொளுவி’ என்றும் யோசித்தேன். வடக்கில் அது இயல்பாக இருக்கும். இங்கே கொக்கி, மாட்டி என்றுதான் பேச்சு. கருத்துச் சொல்லுங்கள்.

நுவரெலியாவிலிருந்து:

அண்ணே, ‘அழகு’ வேண்டாம். அதைவிட முக்கியம், எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வேண்டாம்.

கவ்வி என்றால் ஒன்றை இரண்டு பக்கமும் கடிப்பது. கதவின் உள் அட்டையைப் பிடிக்கும் துண்டு எதையும் கடிப்பதில்லை. துளைக்குள் நுழைகிறது, உள்ளே போனதும் விரிகிறது, வெளியே வர மறுக்கிறது. வேலை நேரெதிர் என்பதால் அளக்க வேண்டிய இடமும் வேறு. கடிப்பதற்கு, கடிபடும் பொருளின் தடிப்பை அளக்க வேண்டும். விரிவதற்கு, துளையின் விட்டத்தை. இரண்டுக்கும் பெயர் ஒன்றானால் வாங்கப் போகிறவர் தப்பான இடத்தை அளந்துகொண்டு போவார். மலையிலிருந்து கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்கு இறங்கி ஏற ஒரு முழு நாள் போய்விடும். தப்பான கிளிப்போடு திரும்பினால் அந்த நாள் வீண்.

ஆகவே துளைக்குள் விரிவதற்கு ‘வில்முளை’ என்கிறேன். மாட்டைக் கட்ட நிலத்தில் அடிக்கும் முளைபோல இது துளைக்குள் இறங்கி, வில்லாக விரிந்து நிற்கிறது. தகட்டு ஓரத்தைக் கடிப்பது ‘விளிம்புக் கவ்வி’. கதவின் உள் அட்டைக்கு ‘கதவட்டை’ போதும்.

மொரிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், ஹில்மன் மின்க்ஸ் காலத்து பிரித்தானிய கார்களில் கதவட்டை வில்முளை பெரும்பாலும் வளைத்த ஸ்பிரிங் கம்பிதான். அதன் தலை, அட்டையில் வெட்டிய சாவித்துளை வடிவக் கீற்றில் சறுக்கி உட்காரும். கால், கதவின் உள்தகட்டுத் துளைக்குள் போகும். கடையில் கேட்க நான்கு அளவு கையில் இருக்க வேண்டும்: துளை விட்டம், அட்டைத் தடிப்பு, தலை அகலம், கால் நீளம்.

துளையை இடுக்கிமானியால் அளப்பதைவிட, டிரில் பிட்டின் வழவழப்பான தண்டை நுழைத்துப் பார்ப்பது நம்பகமானது. 1/4 அங்குலம் என்றால் 6.35 மி.மீ., 5/16 என்றால் 7.94, 3/8 என்றால் 9.53. எந்தத் தண்டு தடையின்றிப் போகிறது, எது போக மறுக்கிறது என்று குறித்துக்கொண்டால் போதும். ஜப்பானிய கார்களுக்கு வரும் 8 மி.மீ. நைலோன் முளை 5/16 துளையில் நன்றாக உட்காரும், வித்தியாசம் 0.06 மி.மீ.தான். 6 மி.மீ. முளையை 1/4 துளையில் போட்டால் 0.35 மி.மீ. இடைவெளி விழும், வளைவுக்கு வளைவு கதவட்டை கடகடக்கும். அதே துளையில் 7 மி.மீ. முளையைத் தட்டி ஏற்றினால் கால் நசுங்கி வில் செத்துவிடும்.

பெயின்டுக்கு முன்னால் எடுத்த அளவை மட்டும் நம்பக் கூடாது. பிரைமர், நிறம், மேல்பூச்சு எல்லாம் துளையோரத்தில் ஏறி விட்டத்தை 0.2 முதல் 0.3 மி.மீ. வரை சுருக்கிவிடும். முன்பு சுகமாகப் போன முளை இப்போது போகாது. சுத்தியலால் தட்டினால் துளையோரத்துப் பெயின்ட் உதிரும். நுவரெலியாப் பனியில் துரு பிடிக்கத் தொடங்குவது அந்த உதிர்ந்த வட்டத்தில்தான். பிட்டைக் கையாலேயே சுழற்றி மிகையை வழித்துவிட்டு, வெறும் உலோகம் தெரிந்தால் தூரிகையால் பிரைமர் தொட்டுக் காயவிட்ட பிறகே முளையைப் போட வேண்டும்.

கண்டியிலிருந்து:

வில்முளை பிடித்திருக்கிறது. புணர்ச்சி பார்க்கிறவர்கள் ‘வின்முளை’ என்று எழுதச் சொல்லுவார்கள்; நெல் மணி நென்மணி ஆவதுபோல. இலக்கணப்படி சரிதான். ஆனால் கராஜில் படிக்கிறவருக்கு வில் கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஸ்பிரிங் என்ற பொருளே அதில்தான் இருக்கிறது. இன்று நெல்மணி என்று எழுதுவதை யாரும் பிழை சொல்வதில்லை. வில்முளை என்றே வைப்போம்.

ஒரு சிக்கல். வெளிப்பக்கத்து பீடிங்கைப் பிடிக்கும் துண்டு ஒரு பக்கம் பட்டியைக் கடிக்கிறது, மறுபக்கம் துளைக்குள் போகிறது. அது கவ்வியா, முளையா? பீடிங்குக்கும் ஒரு சொல் வேண்டும். ‘அணிப்பட்டி’ எப்படி?

பதுளையிலிருந்து:

அணிப்பட்டி நல்ல சொல். அதைப் பிடிப்பது இரண்டு வேலையும் செய்வதால் ‘கவ்விமுளை’ என்றே சொல்லிவிடலாம். சொல் நீளம்தான், ஆனால் இரண்டு அளவு எடுக்க வேண்டும் என்பதை அதுவே நினைவூட்டும்.

துளையை எப்படி அளப்பது என்று நுவரெலியாத் தம்பி எழுதிவிட்டார். பட்டிப் பக்கம் எப்படி என்று நான் சொல்கிறேன். பட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் இரண்டு ஓரமும் உள்நோக்கி மடிந்திருக்கும். மடிப்புக்கு மடிப்பு உள்ள வாய் அகலம் ஓர் அளவு; மடிப்புக்கு உள்ளே உள்ள வயிற்று அகலம் இன்னோர் அளவு. கவ்விமுளையின் தலை வாயைவிட அகலமாகவும் வயிற்றைவிடக் குறுகலாகவும் இருக்க வேண்டும். வயிற்றுக்குச் சமமாக இருந்தால் மெல்லிய ஸ்டெயின்லெஸ் பட்டி வெளிப்பக்கம் பிதுங்கும். பளபளப்பான பட்டியில் அந்தப் பிதுக்கம் தூரத்திலிருந்தே தெரியும். பட்டி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே அகலமாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். பொனட் பக்கம் ஒடுங்கிப்போகும் பட்டியானால் ஒவ்வொரு துளைக்கு நேராகவும் தனித்தனியே அளந்து, துளைக்கு இலக்கம் போட்டுக் குறிக்க வேண்டும்.

சாய்சதுரத் தலையுள்ள கவ்விமுளைகளும் உண்டு. வாய்க்குள் சரித்து நுழைத்துத் திருப்பினால் குறுக்கே பூட்டிக்கொள்ளும். பட்டியின் இரு முனைகளிலும் பெரும்பாலும் மரை வெட்டிய தண்டுள்ள வகை இருக்கும், உள்ளிருந்து நட் போட்டு இறுக்குவது. முனைதான் முதலில் கிளம்பும் என்பதால் அங்கே வெறும் வில் போதாது. இதற்குத் ‘திருகுமுளை’ என்று தனிப்பெயர் வேண்டும். பழைய காரைக் கழற்றும்போது இந்த நட் துருவில் இறுகி, தண்டே பட்டிக்குள் சுழலும். நெம்பாமல், ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்தால் பட்டி பிழைக்கும்.

எந்தக் கவ்விமுளையானாலும் வெளித்தகட்டில் உள்ள துளை மழைக்குத் திறந்த வழி. தலைக்கும் தகட்டுக்கும் நடுவே இறப்பர் வளையமோ, காயாத பியூட்டைல் பசையோ கட்டாயம். அது இல்லாவிட்டால் கதவுக்குள் தண்ணீர் இறங்கி அடிமடிப்பில் தேங்கும்.

உலோகமும் பார்க்க வேண்டும். அலுமினியப் பட்டியோடு வெறும் உருக்கு முளை ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடி பூக்கும். நாகம் (சிங்க்) பூசிய முளையானால் பூச்சு தன்னைக் கொடுத்துப் பட்டியைக் காக்கும். ஸ்டெயின்லெஸ் பட்டியோடு சேர்த்தால் அதே பூச்சு சீக்கிரம் தீரும். அங்கே ஸ்பிரிங் தரத்து ஸ்டெயின்லெஸ் முளை நல்லது.

கிடைக்காததைச் செய்துகொள்ள நினைப்பவர்களுக்கு: பழைய தேயிலைப் பெட்டியின் ஓரத் தகரம் உதவாது. வளைத்தால் வளைந்தபடியே நிற்கும், மீளாது. ஸ்பிரிங் உருக்குப் பட்டை வேண்டும். அதைக் குளிர்ந்த நிலையில் கூராக மடித்தால் வெடிக்கும். சிவக்கக் காய்ச்சி வளைத்து, மறுபடி சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, மேற்பரப்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, நீல நிறம் ஓடும்வரை மெல்லச் சூடாக்க வேண்டும். அது ஏறக்குறைய 300 பாகை செல்சியஸ். நீலத்தைத் தாண்டிச் சாம்பல் நிறமானால் வில் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

பழைய முளைகளின் துருவை அமிலத்தில் போட்டு எடுக்க வேண்டாம். கடினமான ஸ்பிரிங் உருக்குக்குள் ஐதரசன் புகுந்து நொறுங்குதன்மை கொடுக்கும். போட்ட அன்று நன்றாக இருக்கும், சில நாளில் தானாக முறியும். மின்முலாம் பூசினாலும் அதே ஆபத்து. பூசிய நான்கு மணித்தியாலத்துக்குள் 190 முதல் 220 பாகையில் குறைந்தது நான்கு மணித்தியாலம் சுட வேண்டும். அந்த வசதி இல்லாதவர்கள் கம்பித் தூரிகையால் தேய்த்து, நாகம் நிறைந்த பெயின்ட் பூசினால் போதும்.

ஹட்டனிலிருந்து:

‘அழகுக் கவ்வி’யை மீட்டுக்கொள்கிறேன். நைலோன் முளைகளில் பட்டியலுக்கு இன்னொரு வகை இருக்கிறது: தண்டு முழுக்கப் பின்னோக்கிச் சாய்ந்த வளையங்கள் அடுக்கடுக்காக உள்ளது. அதில் வில் இல்லை. ஒவ்வொரு வளையமும் தனியே மடங்கி நிமிர்கிறது. ‘செதில்முளை’ என்று வைக்கலாமா? பல தடிப்புக்கும் இது பொருந்தும், அதனால் கடைக்காரர் எதற்கும் இதையே எடுத்து நீட்டுவார். ஆனால் ஒருமுறை கழற்றினால் செதில் கிழியும்; அடிக்கடி திறக்க வேண்டிய கதவுக்கு ஏற்றதல்ல. புது நைலோன் உலர்ந்திருந்தால் குளிர்ந்த காலையில் அழுத்தும்போது முறியும். பத்து நிமிடம் வெந்நீரில் போட்டெடுத்தால் வளைந்துகொடுக்கும்.

நுவரெலியாவிலிருந்து:

செதில்முளைக்கு என் ஆதரவு. கழற்றும் கவைக் கருவிக்கு ‘நெம்பி’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் விளக்கத்தில் ஒரு வரி அவசியம்: நெம்பியின் கவை முளையின் தண்டை அணைத்திருக்க வேண்டும், இரண்டு முளைக்கு நடுவே நெம்பினால் கீற்று கிழிந்து முளை கதவிலேயே தங்கிவிடும்.

கீற்று கிழிவதற்கு நெம்பியை மட்டும் குறைசொல்ல முடியாது. கதவட்டைக்குப் பின்னால் இருக்க வேண்டிய பொலித்தீன் தாளை யாரோ எப்போதோ கழற்றி எறிந்திருப்பார்கள். கண்ணாடி வழியே இறங்கும் தண்ணீரை ஹார்ட்போர்ட் குடித்து ஊதும். 3 மி.மீ. அட்டை 4 மி.மீ.க்கு மேல் போனால் எந்த முளையின் தலையும் கீற்றுக்குள் சறுக்காது. அப்போது நீளமான முளை தேடி அலைய வேண்டாம். அட்டையை மாற்றி, வெட்டிய ஓரங்களுக்கும் கீற்றுகளுக்கும் வார்னிஷ் கொடுத்து, தாளைத் திரும்ப ஒட்டினால் பழைய அளவு முளையே பொருந்தும். சொற்பட்டியலில் வில்முளைக்கு எதிரே தரும் அளவுகள் ஊதாத அட்டைக்கு உரியவை என்று குறிப்பிட வேண்டும்.

கண்டியிலிருந்து:

குறிப்பைச் சேர்த்துவிட்டேன். ‘கிளிப்’ என்ற சொல்லைப் பேச்சு வழக்கு என்று போட்டு, அதிலிருந்து வில்முளை, கவ்விமுளை, திருகுமுளை, செதில்முளை, விளிம்புக் கவ்வி ஐந்துக்கும் வழிகாட்டியிருக்கிறேன். கடையில் கிளிப் என்றே கேட்கட்டும், எந்தக் கிளிப் என்று சொல்லத் தெரிந்தால் போதும். கூரைத் துணியின் ஓரத்தைப் பிடிக்கும் பல் வைத்த பட்டை மட்டும் இன்னும் பெயரில்லாமல் நிற்கிறது. அது முளையும் இல்லை, கடிப்பதும் ஒரு பக்கம் மட்டும்தான். படத்தோடு அடுத்த மடலில் அனுப்புகிறேன்.