பெடோமீட்டர் எண்ணிக்கை மூன்றாம் வாரத்தில் படுத்துவிட்டது: இலக்கை எத்தனை என்று வைப்பது?

மெல்லநடை (கேள்வி):
வணக்கம். இடுப்பில் மாட்டிக் காலடிகளை எண்ணும் பெடோமீட்டர் வைத்திருக்கிறேன். முதல் வாரம் தினமும் 9,000 தாண்டியது. மூன்றாம் வாரத்திலிருந்து 4,000, 4,500 என்றுதான் வருகிறது. 10,000 என்ற இலக்கு எட்டாக்கனியாகி, இப்போது எண்ணைப் பார்க்கவே மனம் வருவதில்லை. இன்னொரு குழப்பம்: ஒரே நாளில் போன் 5,200 காட்டுகிறது, பெடோமீட்டர் 4,100. எதை நம்புவது? வயது 47, நாள் முழுக்க உட்கார்ந்து செய்யும் வேலை, மூட்டுவலி கிடையாது.

கணக்குப்புலி:
இலக்கைப் பிறகு பார்க்கலாம், முதலில் கருவியைச் சோதியுங்கள். பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, சமதளத்தில், வழக்கமான வேகத்தில், மனதுக்குள் எண்ணிக்கொண்டே சரியாக 100 காலடி நடந்து நில்லுங்கள். 97 முதல் 103 வரை காட்டினால் கவலையில்லை. 95-க்குக் கீழே என்றால் மாட்டும் இடத்தை மாற்றி மறுபடி நடக்கவும். மூன்று முறையாவது செய்யுங்கள். 20 காலடி போதும் என்பார்கள். அதில் ஒன்று தவறினாலே 5 சதவீதப் பிழை, ஆகவே 100 நடப்பதே தெளிவு.

நீங்கள் சொல்வதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. வழக்கமாகப் போன்தான் குறைவாகக் காட்டும், வீட்டில் பாதி நேரம் அது மேசையில் கிடக்கும் என்பதால். உங்களுக்குத் தலைகீழாக இருப்பதால் பெடோமீட்டர் காலடிகளை விழுங்குகிறது என்றே சந்தேகிக்கிறேன். காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். டக், டக் என்று கேட்டால் உள்ளே இருப்பது ஸ்பிரிங்கில் தொங்கும் சின்ன நெம்புகோல். இடுப்பு ஏறி இறங்கும்போது அது தட்டும், ஒரு காலடி கூடும். கருவி நிமிர்ந்து நின்றால்தான் அது சரியாக ஆடும். தொப்பை இருந்தால் பெல்ட்டோடு சேர்ந்து கருவியும் முன்பக்கம் சாயும். அப்போது பத்துக்கு இரண்டு மூன்று காலடி காணாமல் போவது சாதாரணம். பெல்ட்டில், முட்டிக்கு நேர் மேலே, தொடையின் நடுக்கோட்டில் மாட்டுவதுதான் முறை. அங்கே சாய்ந்தால் பக்கவாட்டுக்கு நகர்த்துங்கள். தொளதொள எலாஸ்டிக் உடையில் எங்கே மாட்டினாலும் சரிவராது.

சத்தமே வராவிட்டால் அது ஆக்சிலரோமீட்டர் வகை, அதாவது அசைவை மின்னணு சென்சாரால் உணர்வது. சாய்வைப் பொருட்படுத்தாது, பாக்கெட்டில் போட்டாலும் எண்ணும். ஆனால் அதற்கும் ஒரு குணம் உண்டு: தொடர்ந்து சில விநாடிகள் நடந்தால்தான் பல மாடல்கள் அதை நடையாக ஏற்கும், விட்டதையும் சேர்த்து ஒரேயடியாகக் காட்டும். சமையலறைக்குள் ஐந்தாறு காலடி வைத்து நிற்பதெல்லாம் கணக்கில் ஏறாது. மணிக்கு 3 கிலோமீட்டருக்குக் கீழான ஆமை நடையில் இரண்டு வகையுமே தடுமாறும்.

போன் கூடுதலாகக் காட்டவும் காரணங்கள் உண்டு. குண்டும் குழியுமான சாலையில் வண்டி குலுங்குவதைச் சில ஆப்கள் நடையென்று எண்ணும். கையில் ஸ்மார்ட் வாட்சும் கட்டியிருந்தால் ஒரே நடையை இரண்டு முறை கூட்டும் ஆப்களும் இருக்கின்றன. செட்டிங்ஸில் தரவு எங்கிருந்து வர வேண்டும் என்பதில் ஒன்றை மட்டும் விடுங்கள்.

கடைசியில் ஒரே கருவி, ஒரே இடம். தினமும் 3 சதவீதம் குறைத்தே காட்டினாலும் பரவாயில்லை, நேற்றையும் இன்றையும் ஒப்பிட அது போதும். இன்று போன், நாளை பெடோமீட்டர் என்று மாறினால் எந்த எண்ணுக்கும் அர்த்தமில்லை.

ஆமைவேகம்:
கருவி பற்றி மேலே சொல்லியாயிற்று, இலக்குக்கு வருகிறேன். முதல் வாரத்து 9,000-ஐ மறந்துவிடுங்கள். புதுக் கருவியை மாட்டினால் எல்லோருமே கூடுதலாக நடப்பார்கள், அது பார்க்கப்படுகிறோம் என்ற உணர்வின் வேலை. உங்கள் உண்மையான அடிப்படை இப்போது வரும் 4,000 சொச்சம்தான்.

10,000 என்பது மருத்துவ ஆராய்ச்சியில் பிறந்த எண் அல்ல. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு பெடோமீட்டரின் பெயர் 'மான்போ-கே', அதாவது '10,000 காலடி மீட்டர்'. விளம்பரப் பெயர் ஒட்டிக்கொண்டது. 2019-இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில், சராசரி வயது 72 கொண்ட சுமார் 16,700 பெண்களைப் பற்றிய ஆய்வு வந்தது. தினம் 2,700 நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவு. 7,500-க்கு மேல் போனதும் பெரிய வித்தியாசமில்லை. 2022-இல் லான்செட் பப்ளிக் ஹெல்த்தில் வந்த தொகுப்பாய்வு, 60 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பலன் இப்படி மேலும் கூடாமல் நிற்கும் அளவு 8,000 முதல் 10,000-க்குள் வருவதாகக் காட்டியது. இவை தொடர்பைக் காட்டும் ஆய்வுகள், காரணத்தை நிரூபிப்பவை அல்ல. ஆனாலும் 4,000-இலிருந்து 6,000-க்கு ஏறுவதிலேயே நல்ல பலன் இருக்கிறது என்று தெரிகிறதல்லவா?

எனக்குப் பிடித்த முறை இது. கடைசி 9 நாள் எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள்: 3,600, 3,900, 4,000, 4,100, 4,300, 4,500, 4,800, 5,200, 6,100. ஆறாவது எண், 4,500, அடுத்த இலக்கு. ஒன்பதில் நான்கு நாள் ஏற்கெனவே எட்டிய எண், ஆகவே மலைப்பு வராது. மறுநாள் பழைய நாள் ஒன்றை நீக்கி, புதியதைச் சேர்த்து மறுபடி அடுக்குங்கள். நடை கூடினால் இலக்கும் தானாக ஏறும், காய்ச்சலில் படுத்துவிட்டால் தானாக இறங்கும். தினமும் கணக்குப் போடுவது தொல்லை என்றால் வாரம் ஒருமுறை 500 கூட்டுங்கள். ஏழில் ஐந்து நாள் எட்டினால் மட்டும். எட்டாத வாரத்தில் அதே எண்ணிலேயே நில்லுங்கள். ஒரே தாவலில் 3,000 கூட்டினால் கெண்டைக்காலும் குதிகாலும்தான் முதலில் முறையிடும்.

இலக்கே வேண்டாம், சும்மா மாட்டிக்கொண்டால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2007-இல் ஜாமா இதழில் 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பெடோமீட்டர் அணிந்தவர்களின் உடலியக்கம் சுமார் 27 சதவீதம் கூடியிருந்தது. அந்த ஏற்றத்தோடு முக்கியமாகச் சேர்ந்து வந்தது இலக்கு வைத்துக்கொள்வதுதான்.

மெல்லநடை:
சோதித்தேன். ஆட்டினால் சத்தம் வருகிறது. பெல்ட்டின் முன்பக்கத்தில் 81, 79, 84. பக்கவாட்டில் 97, 98, 97. அப்படியானால் பழைய எண்கள் எல்லாம் வீணா? இன்னொன்று: மாலையில் பார்க்கும்போதுதான் குறைவு என்றே தெரிகிறது, அதற்குள் நாள் முடிந்துவிடுகிறது.

கணக்குப்புலி:
வீண்தான். 0.81-ஆல் வகுத்து மீட்கலாம் என்று தோன்றும், ஆனால் உட்காரும் விதத்துக்கும் உடைக்கும் ஏற்பச் சாய்வு தினமும் மாறியிருக்கும். பக்கவாட்டில் மாட்டி 9 நாள் புதிதாகக் குறியுங்கள், பிறகு இலக்கு. கலோரி, கிலோமீட்டர் எண்களை அப்படியே விட்டுவிடுங்கள். கிலோமீட்டர் வேண்டுமென்றே அடம்பிடித்தால் 20 காலடி தூரத்தை டேப்பால் அளந்து 20-ஆல் வகுத்து அந்த நீளத்தைக் கருவியில் ஏற்றுங்கள். 13 மீட்டர் வந்தால் 0.65.

படிக்கட்டு:
மாலையில பார்க்கிறதுதான் தப்புங்க. நாளை மூணா வெட்டுங்க. இலக்கு 4,500-ன்னா மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி 1,500, சாயங்காலம் 5 மணிக்குள்ள 3,000. மதியம் 900 தான் காட்டுதுன்னா சாப்பிட்டதும் 6 நிமிஷம் நடந்தா சரியாப் போச்சு. சாதாரண வேகத்துல 10 நிமிஷம் சுமார் 1,000 காலடின்னு வச்சுக்கலாம். இந்த ஒரு கணக்கு மனசுல இருந்தா எண்ணைப் பார்த்து பயமே வராது, எத்தனை நிமிஷம் பாக்கின்னு மட்டும்தான் தெரியும்.

வேகத்தையும் இதே கருவியில பார்க்கலாம். ஒரு நிமிஷத்துல 100 காலடி வந்தா அது மிதமான உடற்பயிற்சி. 80 வந்தா உலாத்தல். வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சின்னு உலக சுகாதார அமைப்பு சொல்லுதே, அதுக்கு இந்த 100-தான் அளவுகோல்.

ஆப்ல வர்ற 'தொடர்ந்து 30 நாள்' பட்டத்தை நான் சிபாரிசு பண்ண மாட்டேன். 31-வது நாள் மழை பெய்ஞ்சு அறுந்துச்சுன்னா, கருவியே டிராயருக்குள்ள போயிடும். அதுக்குப் பதிலா வாரக் கூட்டுத்தொகை: 4,500-ன்னா வாரத்துக்கு 31,500. ஒரு நாள் விட்டதை மத்த ஆறு நாள்ல பங்கு போட்டுக்கலாம்.

படுக்கறதுக்கு முன்னாடி எண்ணைக் காலண்டர்ல பேனாவால எழுதுங்க. நள்ளிரவுல தானா பூச்சியமாகுற மாடல்ல 12 மணியைத் தாண்டினா அன்னைக்குக் கணக்கு திரையில இருக்காது. கடைசியா, அந்தக் கிளிப்பை நம்பாதீங்க. கழிப்பறையில பெல்ட்டைத் தளர்த்தும்போதுதான் பெடோமீட்டர் கழன்று விழும். கூட வந்த கயிறை பெல்ட் வளையத்துல முடிச்சுப் போட்டு வைங்க.