மின்வேலிக்குக் காட்டோரத்தை எவ்வளவு அகலத்துக்கு வெட்ட வேணும்?

உன்னிச்சைப் பக்கம்:
மட்டக்களப்பில எங்கட மேட்டுக்காணி, அரசாங்கம் பெர்மிட்டில குடுத்த காணி. பின்பக்கம் முழுக்கக் காடு. சோளம் முத்தினா யானை இறங்குது, அதால சோலர் மின்வேலி போடப் போறம். எல்லையில சூரைமுள்ளும் ஈச்சையும் இலுக்குப் புல்லும் மண்டிக் கிடக்கு, பட்ட மரங்களும் நிக்குது. பெக்கோ (மண் தள்ளுற மெசின்) வச்சிருக்கிறவர் எல்லாத்தையும் ஓரமாத் தள்ளி நெருப்பு வைப்பம் எண்டுறார். சரிவருமா?

வெல்லாவெளி வட்டை:
தம்பி, பெக்கோவை விடாதீங்க. தள்ளின மண்ணும் குத்தியும் எல்லையில வரம்பாக் குவியும். அப்பிடிக் குவிஞ்ச பொலபொலத்த மண்ணில வேலிக்கட்டை நிக்காது, மழை விழுந்ததும் செடி முதல்ல முளைக்கிறதும் அங்கதான். கச்சான் எண்ட வரட்சிக் காத்துக்கு நெருப்பு வச்சா அது உங்கட எல்லையோட நிக்காது.

கத்தியால வெட்டுங்க. உள்பக்கம் ஆள் நடந்து பார்க்க ஏழெட்டு அடி. வெளிப்பக்கம் காடு, ஒரு கொப்பு வெட்டுறதெண்டாலும் முதல்ல பிரதேச செயலகத்திலயும் வன இலாகாவிலயும் கேளுங்க. அதை விடக் கம்பியை உங்கட காணிக்குள்ள கொஞ்சம் தள்ளி இழுக்கிறது நல்லம். சோளத்தில ரெண்டு வரிசை குறையும், ஆனா இரண்டு பக்கமும் உங்கட கையில இருக்கும். கம்பியில விழக்கூடிய பட்ட மரத்தைப் பார்த்து வையுங்க, யானை அதைத்தான் தள்ளி விழுத்தும்.

தாந்தாமலை அக்கா:
ஏன் இவ்வளவு துப்பரவு எண்டா, ஈரப்புல் கம்பியில முட்டினா மின்சாரம் மண்ணுக்குள்ள கசிஞ்சு போகும், கம்பி அடிக்கிற ஷொக் குறைஞ்சிரும். யானைக்கு அது விளங்கும். நில இணைப்புக் கம்பி (எர்த்) குறைஞ்சது மூண்டு ஆழமா இறக்குங்க, ஈரம் காயாத இடமாப் பார்த்து. வீட்டுக் கரண்டை நேரடியாக் கம்பிக்குக் குடுக்கவே கூடாது. அது ஆளையும் கொல்லும், யானையையும் கொல்லும், சட்டப்படி குற்றம்.

உன்னிச்சைப் பக்கம்:
நன்றி அக்கா. கட்டைக் குழி இப்பவே தோண்டலாமா? மண் கல்லு மாதிரிக் கிடக்கு, அலவாங்கும் இறங்குதில்ல.

வெல்லாவெளி வட்டை:
இப்ப வெட்டி மட்டும் முடிங்க. புரட்டாதிக் கடைசியில முதல் மழை விழுந்தா மண் இளகும், அப்ப குழி. மாரி இறுகுமுன் கட்டை நிக்க வேணும்.

இன்னொண்டு, மட்டக்களப்பு மாவட்டம் மிதிவெடி இல்லாத மாவட்டமா 2017ல அறிவிக்கப்பட்டதுதான். ஆனாலும் பழைய காட்டோரத்தில துருப்பிடிச்ச இரும்பு ஏதும் கண்டா தொடாதீங்க, அடையாளம் வச்சிட்டு பொலிசுக்குச் சொல்லுங்க. வெட்டுற பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்க.